ஏற்காட்டுச் சரிவு ஒன்றில் மண்ணைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தது

சேர்வராயன் மலையின் உச்சிகளில் பாக்சைட் என்ற அலுமினியத் தாது இருக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் ஒரு காலத்தில் லாரி லாரியாகப் போனது அதுதான். அடியில் கிடக்கும் பாறை சார்னோகைட். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் பார்க்கிற கருங்கல்லும் இதே இனம்தான். அந்தக் கல்லில் பாதிக்கு மேல் சிலிக்கா, அதாவது மணலின் முக்கியப் பொருள். பாக்சைட்டில் சிலிக்கா சொற்பம். மழைத்தண்ணீர் பல லட்சம் வருஷமாகக் கரையக்கூடியதையெல்லாம் கீழே கொண்டுபோய்விட்டது. கரைய மறுத்த அலுமினியமும் இரும்பும் மேலே நின்றுவிட்டன. அந்தக் கரைப்பு இன்றைக்கும் ஓயவில்லை. ஒரு சாதாரண மழைக்காலத்தில், கையில் கிடைக்கிற சாமான்களை வைத்து அதை அளக்க முடியுமா என்று பார்த்த வேலை இது.

இடம் மாமாவின் பட்டா நிலம். ஒரு காலத்தில் காப்பி போட்டு, பிறகு பராமரிக்க ஆள் இல்லாமல் விட்டு, இப்போது மரம் மூடிக் கிடக்கும் சரிவு. சில்வர் ஓக், பலா, நாவல், கல்யாண முருங்கை, அதன்மேல் மிளகுக்கொடி, கீழே காப்பிச்செடி தானாக முளைத்த புதர். சுத்தமான சோலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உரமும் மண்வெட்டியும் பார்த்துப் பல வருஷமான மண். பக்கத்திலேயே காப்புக்காடு இருக்கிறது. அங்கே மண் எடுப்பதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், அந்தப் பக்கம் போகவில்லை. மாமா நிலத்தின் நல்ல அம்சம், முகடும் ஓடையும் ஒரே வேலிக்குள் வருகின்றன.

இப்படி ஒரே சரிவில் மேலிருந்து கீழ்வரை மண்ணை ஒரு வரிசையாகப் பார்க்கும் பழக்கத்தை 1930களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் மண் வரைபடம் போட்ட ஜெஃப்ரி மில்ன் ஆரம்பித்து வைத்தார். பாறை ஒன்று, மழை ஒன்று. மண் மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறதென்றால் தண்ணீர் ஓடும் விதம்தான் முக்கியக் காரணம் என்பது அவர் வாதம். நான் எடுத்தது நான்கு இடம்: முகடு, நடுச்சரிவு, சரிவு படுக்கும் அடிப்பகுதி, ஓடையோரப் பள்ளம். ஒவ்வொன்றிலும் சருகு தனியாக, மேல் 10 செ.மீ. தனியாக, முழங்கால் ஆழத்தில் ஒன்று.

சாமான்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் பாதி சண்டை அழுக்கோடுதான். நாம் தேடுவது லிட்டருக்குச் சில மில்லிகிராம். துத்தநாகம் பூசிய வாளியில் ஈரமண்ணைப் போட்டால் துத்தநாகக் கணக்கு போச்சு. பித்தளைச் சல்லடையில் சலித்தால் தாமிரமும் சேர்ந்து வரும். வெறுங்கையில் பிசைந்தால் வியர்வையின் சோடியமும் குளோரைடும் மண்ணில் ஏறும். பவுடர் போட்ட கையுறை அதைவிட மோசம், அந்தப் பவுடரிலேயே கால்சியம் இருக்கக்கூடும். ஆகவே பிளாஸ்டிக் கரண்டி, பிளாஸ்டிக் டப்பா, பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை, 2 மி.மீ. எவர்சில்வர் சல்லடை. குழி தோண்டுவதற்கு மட்டும் கடப்பாரையும் மண்வெட்டியும். இரும்பு பட்ட முகத்தைப் பிளாஸ்டிக் கரண்டியால் இரண்டு விரல்கடை சீவித் தள்ளிவிட்டு உள்ளே இருக்கும் மண்ணை எடுத்தால் போதும். கண்ணாடிக் குடுவையும் வேண்டாம். சிலிக்கா அளக்கப் போகிறவர் கண்ணாடியில் ஊறவைத்தால் கண்ணாடியின் சிலிக்காவையும் சேர்த்து அளப்பார்.

தண்ணீர் அடுத்த தலைவலி. வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் இதற்கு உதவாது, அதில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. பேட்டரிக்கு ஊற்றுகிற அயனி நீக்கிய தண்ணீர் கேன் வாங்கினேன். கேனுக்குக் கேன் தரம் வேறு. ஈ.சி. மீட்டரை (கரைந்த உப்பு கூடக் கூட ஏறும் மின்கடத்தலை மைக்ரோசீமன்ஸ் என்ற அலகில் காட்டுவது) விட்டுப் பார்த்து 5 மைக்ரோசீமன்ஸுக்குக் கீழே காட்டியதை மட்டும் வைத்துக்கொண்டேன். மீட்டரையும் நம்புவதற்கு முன்னால் 1413 என்று அச்சிட்டு வரும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் சரிபார்க்க வேண்டும். கடையில் டி.டி.எஸ். பேனா என்று விற்பதும் ஈ.சி. மீட்டர்தான், உள்ளே ஒரு பெருக்கல் எண்ணைப் போட்டு மில்லிகிராமாகக் காட்டுகிறது, அந்த எண் பேனாவுக்குப் பேனா மாறும். நேரடியாக மைக்ரோசீமன்ஸ் காட்டும் மீட்டரே நல்லது.

முறை எளிது: மண் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. 20 கிராம் மண்ணுக்கு 100 மி.லி. மூடி போட்டு ஒரு மணி நேரம் குலுக்கி, வடிகட்டி, வந்ததை அளப்பது. சிக்கல் எங்கே என்றால், பள்ளத்து மண்ணைக் காயவைக்கக் கூடாது (காரணம் பிறகு வருகிறது). ஈரத்தோடு எடுத்தால் 20 கிராமில் எவ்வளவு மண், எவ்வளவு தண்ணீர்? அதற்கு ஒரு பங்கை 105 டிகிரியில் உலர்த்தி எடை பார்க்க வேண்டும். ஈரமண்ணின் எடையில் 30 சதம் ஈரம் என்று வைத்துக்கொள்வோம். 20 கிராம் உலர்மண் வேண்டுமென்றால் ஈரமண் 28.6 கிராம் எடுக்க வேண்டும். அதிலேயே 8.6 கிராம் தண்ணீர் இருக்கிறது, மேலே ஊற்றவேண்டியது 91.4 மி.லி.தான். இந்தக் கணக்கைப் போடாமல் முகட்டையும் பள்ளத்தையும் ஒப்பிட்டால் பள்ளத்து மண் எப்போதும் ஏழையாகத் தெரியும்.

இங்கே ஒன்று தெளிவாகிவிட வேண்டும். வேளாண்மைத் துறை தருகிற மண் வள அட்டையில் இருக்கும் எண்கள் இவை அல்ல. 2015இல் வந்த அந்த அட்டையில் 12 அளவுகள் உண்டு. அதில் பொட்டாசியத்தை அம்மோனியம் அசிட்டேட் ஊற்றிப் பிடுங்குகிறார்கள், துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு, தாமிரத்தை டி.டி.பி.ஏ. என்ற, உலோகங்களைப் பற்றி இழுக்கும் வேதிப்பொருளை ஊற்றிப் பிடுங்குகிறார்கள். களிமண் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பதும் அதில் வந்துவிடும். பயிர் ஒரு பருவத்தில் எதை எடுக்கும் என்பதற்கு அது சரி. வெறும் மழைத்தண்ணீர் எதைக் கொண்டுபோகும் என்பதற்கு வெறும் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும்.

சரி, வடிகட்டலுக்கு வருவோம். முகட்டு மண் சிவப்பு, ஆனால் கரைசல் தெளிவாகவே வந்தது. இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் துகள்களை ஒட்டிப் பிடித்து வைத்திருக்கின்றன. பள்ளத்து மேல்மண் டீ டிகாஷன் நிறத்தில் வந்தது. அது கரைந்த மக்கு (மக்கிய சருகிலிருந்து வருவது), கலங்கல் இல்லை. தொல்லை கொடுத்தது நடுச்சரிவின் ஆழ்மண்தான். 42ஆம் எண் வடிதாளில் இரண்டு தடவை விட்டும் செம்மண் நிறம் போகவில்லை. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. அந்தத் தாள் நிறுத்துவது சுமார் 2.5 மைக்ரான் வரைதான், களிமண் துகளோ 2 மைக்ரானுக்குக் கீழே. தாள் கெட்டுப்போகவில்லை, துகள் சிறியது. அதோடு பேட்டரித் தண்ணீர் போல உப்பே இல்லாத தண்ணீரில் களிமண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். கரைசலில் கொஞ்சம் கால்சியம் இருந்தால் அவை சேர்ந்து அடியில் உட்காரும்.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. அந்தக் கலங்கலை அப்படியே அமிலம் விட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் இரும்பும் அலுமினியமும் கொட்டும், 'கரைந்த இரும்பு' என்று அறிக்கையும் வரும். அது கரைந்தது இல்லை, மிதந்தது. கண்டுபிடிக்க ஒரு மலிவான வழி: இருட்டில் லேசர் பேனாவை டப்பாவின் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். ஒளிக்கோடு உள்ளே தெரிந்தால் துகள் மிதக்கிறது. கடைசியில் ஊசிக்குழலில் மாட்டுகிற 0.45 மைக்ரான் வடிப்பான் வாங்கினேன். அதுவும் இறுதி எல்லை இல்லை, அதைவிடச் சின்னத் துகளும் உண்டு. உலகம் முழுக்க அந்த அளவைத்தான் 'கரைந்தது' என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், நானும் ஏற்றுக்கொண்டேன். முதலில் வருகிற சில மி.லி.யைக் கொட்டிவிட வேண்டும், வடிப்பானின் சொந்த அழுக்கு அதில் போகும்.

ஈ.சி.யும் பி.எச்.சும் அதே இடத்தில், அன்றைக்கே. கால்சியம், மக்னீசியத்துக்கு ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன், அதாவது அவற்றைப் பிடிக்கும் கரைசலை நிறம் மாறும்வரை விட்டு, செலவான அளவை வைத்துக் கணக்குப் போடுவது: அம்மோனியா பஃபர், எரியோக்ரோம் பிளாக் டி, ஒயின் நிறம் நீலமாகும் வரை சொட்டுச் சொட்டாக. இவ்வளவு நீர்த்த கரைசலுக்கு வழக்கமான 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. ஒரு சொட்டிலேயே தாண்டிவிடும், பத்து மடங்கு நீர்க்கச் செய்துகொள்ள வேண்டும். சோடியமும் பொட்டாசியமும் சேலத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் தெரிந்த அக்காவின் தயவில் ஃப்ளேம் போட்டோமீட்டரில் (கரைசலைத் தீயில் தெளித்து, சுடரின் நிற ஒளியை அளக்கும் கருவி) பார்த்தது. குளோரைடையும் அங்கேயே கொடுத்துவிட்டேன். சிலிக்காவுக்கு மீன்தொட்டி வைப்பவர்கள் வாங்குகிற சிலிகேட் கிட். மாலிப்டேட் ஊற்றி, பிறகு நீல நிறம் வரவைப்பது. நிறத்தின் அடர்த்தியை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பாஸ்பேட்டும் அதே நீலத்தைத் தரும். அதை அடக்க ஆக்சாலிக் அமிலம் ஒரு படி வேண்டும், கிட்டில் அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரும்புக்குக் குடிநீர் பரிசோதனைக் கிட்டில் வருகிற ஃபெனாந்த்ரோலின், இரும்பு இருந்தால் ஆரஞ்சாகும்.

முதலில் பொட்டாசியம், ஏனென்றால் அதுதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. பள்ளத்தில் அதிகம் இருக்கும், முகட்டில் இருக்காது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. முகட்டிலும் சருகுக்கு நேர் அடியில் பொட்டாசியம் தாராளமாக இருக்கிறது. முழங்கால் ஆழத்துக்குப் போனால் எந்த இடத்திலும் பெரிதாக ஒன்றும் இல்லை. மேலிருந்து கீழான வித்தியாசத்தைவிட, ஒரே குழியில் மேல்மண்ணுக்கும் ஆழ்மண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. காரணம் மரம்தான். பொட்டாசியம் இலையின் நாரோடு சேர்ந்த பொருள் அல்ல, செல்லுக்குள் இருக்கும் சாறில் கரைந்தே கிடக்கிறது. இலை மக்கக்கூட வேண்டாம், நனைந்தாலே வெளியே வந்துவிடும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். உதிர்ந்த கல்யாண முருங்கை இலை ஒரு கைப்பிடியும், அதே எடை சில்வர் ஓக் சருகும் தனித்தனி டப்பாவில் பேட்டரித் தண்ணீரில் போட்டு ஈ.சி. மீட்டரை விட்டு வைத்தேன். கல்யாண முருங்கையில் எண் கண்ணெதிரே ஏறிக்கொண்டே போனது. சில்வர் ஓக் சோம்பேறி; அந்தச் சருகு மெழுகும் நாருமாகக் கிடக்கும், தண்ணீர் உள்ளே போகவே நேரமாகிறது. அதனால் எந்த மரத்தடியில் குழி போட்டோம் என்பது, சரிவில் எங்கே போட்டோம் என்பதற்குச் சமமாகக் கணக்கைப் புரட்டும். ஒவ்வொரு இடத்திலும் ஒரே குழியை நம்பாமல், வேறு வேறு மரத்தடியில் அள்ளிக் கலந்ததற்கு இதுதான் காரணம்.

கால்சியமும் மக்னீசியமும் எதிர்பார்த்தபடி நடந்தன. முகட்டில் மேல்மண்ணில் மட்டும் கொஞ்சம், அடிப்பகுதியில் ஆழத்திலும் உண்டு. மொத்த ஈ.சி.யிலும் அந்தச் சாயல்: முகட்டு ஆழ்மண் பேட்டரித் தண்ணீரைவிடச் சில மைக்ரோசீமன்ஸ்தான் கூட, சரிவின் அடிப்பகுதி மேல்மண் 90ஐ ஒட்டி. சார்னோகைட்டில் இருக்கும் ஹைப்பர்ஸ்தீன் என்ற தாதுவில் மக்னீசியமும், ஃபெல்ட்ஸ்பார் என்ற தாதுவில் கால்சியமும் இருக்கின்றன. முகட்டில் அந்தத் தாதுக்கள் எப்போதோ கரைந்து தீர்ந்துவிட்டன. கீழே அரைகுறையாகச் சிதைந்த கல் இன்னும் கைக்குத் தட்டுப்படுகிறது, நகத்தால் கீறினால் உதிர்கிற மஞ்சள் கல். முகட்டு மரங்கள் பாறையிலிருந்து புதிதாக வாங்குவது மிகக் குறைவு. தன் சருகில் விழுந்ததை வேர்களே திரும்ப உறிஞ்சி, அதிலேயே பெரும்பாலும் காலம் தள்ளுகின்றன. சருகைக் கூட்டி எரிப்பவர்கள் முகட்டிலாவது விட்டுவைக்க வேண்டும் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.

சோடியத்தில் சொல்ல அதிகம் இல்லை. செடி விரும்பாது, களிமண் கெட்டியாகப் பிடிக்காது, மழையோடு வரும், மழையோடு போகும். குளோரைடும் அதே கூட்டணி. பாஸ்பேட் சருகுக் கரைசலில் தெரிந்தது. அதற்குக் கீழே சிவப்பு மண்ணில் சுத்தமாக இல்லை, இரும்பும் அலுமினியமும் விழுங்கிவிடும்.

இனி பள்ளம். ஓடையோரத்தில் காட்டுச் சேம்பு மண்டிக் கிடக்கும் இடத்தில் ஒரு கசிவு இருக்கிறது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்தான் காட்டினார். "இங்க பாருங்க தம்பி, தண்ணி மேல ஆயில் மாதிரி. மேல எவனோ டீசல் ஊத்திட்டான்னு நெனச்சேன்." தேங்கிய தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம். ஒரு குச்சியால் தொட்டேன். படலம் கண்ணாடி உடைகிற கணக்கில் கோண முனைகளோடு துண்டு துண்டாகப் பிரிந்து, பிரிந்தபடியே நின்றது. டீசலாக இருந்தால் சுழன்று மறுபடியும் ஒன்று சேர்ந்திருக்கும். "டீசல் இல்லீங்க ஐயா, இரும்பு" என்றேன். அவர் நம்பவில்லை. ஃபெனாந்த்ரோலினை ஒரு சொட்டு விட்டதும் டப்பாவில் ஆரஞ்சு ஏறியது. "கலர் போட்டா கலருதான் வரும்" என்று சிரித்துவிட்டுப் போனார். பக்கத்திலேயே முகட்டு மண்ணின் கரைசலில் அதே சொட்டை விட்டு, நிறம் வராததை அவரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

முகட்டில் ஏராளமாக இருக்கும் இரும்பு தண்ணீரில் கரையாமல் நிற்கிறது, பள்ளத்தில் அதைவிடக் குறைந்த இரும்பு கரைந்து ஓடுகிறது. இதில்தான் மொத்த அளவுக்கும் கரையும் அளவுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. நீர் தேங்கிய மண்ணில் காற்று தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக வேறொன்றைத் தேடுகின்றன: முதலில் நைட்ரேட், அடுத்து மாங்கனீசு ஆக்சைடு, அதற்கடுத்து இரும்பு ஆக்சைடு, பிறகு சல்பேட். இரும்பு அந்த வழியில் கரையும் வடிவத்துக்கு வருகிறது. கசிந்து வெளியே வந்து காற்றுப் பட்டதும் மறுபடியும் துருவாகிறது, அந்தப் படலமும் ஓடைக்கல்லின் மேல் ஒட்டும் காவி நிறச் சேறும் அதுதான். நைட்ரேட் பள்ளத்தில் கிட்டத்தட்ட இல்லாததற்கும் இதே வரிசைதான் காரணம்.

பள்ளத்து மண்ணைக் காயவைக்கக் கூடாது என்று மேலே சொன்னது இதனால்தான். அதே மண்ணை இரண்டாகப் பிரித்து, ஒன்றை டப்பா நிறைய, காற்று இடைவெளி இல்லாமல் அடைத்து ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து அன்றே கரைத்தேன். இன்னொன்றை மொட்டைமாடி நிழலில் தாள் விரித்துக் காயவைத்தேன். காய்ந்ததில் இரும்பு காணாமல் போயிருந்தது. மாங்கனீசு நேர் எதிர், மேல்மண்ணைக் காயவைத்தால் அது கூடுகிறது. மக்கின் கரைசல் நிறமும் கூடுகிறது, நுண்ணுயிர்கள் காய்ந்து வெடித்து உள்ளே இருப்பதை விடுவதும் அதில் சேரும். காய்ந்த மண் முதல் மழையில் நனையும்போது நடப்பதும் இதே விஷயம். கென்யாவில் 1950களில் பிர்ச் என்ற மண் ஆய்வாளர் இதைத்தான் விரிவாக எழுதினார்: வறண்ட மண் நனைந்த சில நாளில் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரேட்டும் ஒரேயடியாகப் பீறிடும். கோடை மழைக்கு அடுத்த நாள் எடுத்த மண்ணையும், ஐப்பசி அடைமழையில் எடுத்த மண்ணையும் ஒரே அட்டவணையில் போடக் கூடாது. நான்கு இடத்தையும் ஒரே நாளில் எடுத்துவிடுங்கள். ஓடையில் ஆரம்பித்து மேலே ஏறினால் பள்ளத்து டப்பா ஐஸில் அதிக நேரம் கிடக்கும். முகட்டில் ஆரம்பித்துக் கீழே இறங்கி, பள்ளத்தைக் கடைசியில் எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வருவதே சரி.

கடைசியாக, ஆரம்பித்த இடமான சிலிக்கா. முகட்டு ஆழ்மண்ணில் கிட் காட்டிய நீலம் வெளிறிப்போனது. நடுச்சரிவில் கொஞ்சம் கூட. பள்ளத்து ஆழ்மண்ணில்தான் அடர்ந்த நீலம், ஓடைத் தண்ணீரிலும் நன்றாகவே வந்தது. மேலே இழக்கச் சரக்கு தீர்ந்துவிட்டது, கீழே வந்து சேர்கிறது. சேர்கிற இடத்தில் அது அலுமினியத்தோடு சேர்ந்து மறுபடி களிமண்ணாகக் கட்டுவதும் உண்டு. பள்ளத்து மண் கையில் மாவாகப் பிசைந்து வருகிறது, முகட்டு மண் சரளையாக உதிர்கிறது. ஆனால் ஒரு நியாயமான சந்தேகம் உண்டு: பள்ளத்தில் சேம்பும் புல்லும் அதிகம், புல் இனங்கள் இலையில் சிலிக்காவைச் சேர்த்து வைத்து உதிர்க்கின்றன. அந்த நீலத்தில் மலை எவ்வளவு, புல் எவ்வளவு என்று ஒரு கிட்டால் பிரிக்க முடியாது. ஆழ்மண்ணிலும் வந்ததால் மலையின் பங்கு பெரிது என்பது என் கட்சி.

குலுக்கி எடுப்பதில் ஒரு குறை உண்டு. மண்ணுக்குள் மழை மெதுவாக இறங்குவதும், டப்பாவில் ஒரு மணி நேரம் ஆட்டுவதும் ஒன்றல்ல. அடுத்ததாகச் சருகு அடுக்குக்கு அடியில் ஒன்று, முழங்கால் ஆழத்தில் ஒன்று என்று பிளாஸ்டிக் தட்டுப் புதைத்து, இறங்கி வருகிற தண்ணீரையே குழாய் வழியாக டப்பாவில் பிடிக்கப் போகிறேன். தட்டு தயார், நைலான் வலையும், அமிலத்தில் கழுவிய குவார்ட்ஸ் மணலும் தயார். குழாய் வாங்கப் போனபோது கடைக்காரர் வளைவதற்கு வசதி என்று சிலிகான் டியூபை நீட்டினார். சிலிக்கா அளக்கிற வேலைக்கு அது வேண்டாம் என்று பாலித்தீன் டியூபுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். குவார்ட்ஸ் மணலையும் முதலில் பேட்டரித் தண்ணீரில் ஊறவைத்து, அது எவ்வளவு நீலம் காட்டுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் புதைக்க வேண்டும்.